தோல் வறட்சியும் அதன் பரிகாரமும்

உடம்பைப் பேணுதல் உயிரைப் பேணுதற்கு வழியெனக் கொண்ட தமிழ்மக்கள், உடம்பின் புறத்தே அமைந்த தோலைப் பேணுதற்கும் பல முறைகளை வகுத்திருந்தனர். கிழமைக்கு இருமுறை எண்ணெய் முழுக்கு, சீயாக்காயும் பயற்றம்மாவும் தேய்த்துக் குளித்தல், குழந்தைகளுக்கு எண்ணெய் பூசி இளவெயில் காட்டுதல் என்பன அவற்றுட் சில. இன்று அம்முறைகள் அருகி, அவற்றின் இடத்தைச் சவர்க்காரமும் களிம்பும் குளிசையும் பெரிதும் கவர்ந்துள்ளன. தோல் வறண்டு, வெண்மை பூத்து, சொறியுண்டாகும்போது ஒருவர் எண்ணெய் பூசுமாறு கூறுவர். மற்றொருவர் தண்ணீரை மிகுதியாகப் பருகுமாறு கூறுவர். இன்னொருவர் மீனெண்ணெய்க் குளிசையை விதந்துரைப்பர். வேறொருவர் பித்தம் மிகுந்ததென்று பத்தியம் இருக்கச் சொல்வர். இவற்றுள் எது பொருந்தும், எது பொருந்தாது என்பது தோலின் இயல்பை அறிந்தே துணியப்படல் வேண்டும்.

வறட்சி பெரும்பாலோர்க்குச் சிறு தொல்லையே. எனினும் அதனைச் சிறிதென்று எண்ணி விடுதல் எல்லார்க்கும் ஏற்றதன்று. சிலர்க்கு அது உள்ளிருக்கும் நோயொன்றின் முதற் குறி. சிலர்க்குக் காலையே இழக்க நேரும் கேட்டின் முதற்படி. ஆதலின் தோல் வறட்சி பற்றிய அறிவு அழகு பற்றியதொன்று மட்டுமன்று.

தோலின் அமைப்பு

தோல் மேற்றோல், உட்டோல் என இரு பெரும் படைகளை உடையது. உட்டோலிற் குருதிக்குழாய்களும் நரம்புகளும் நெய்ச்சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அமைந்துள்ளன. மேற்றோலிற் குருதிக்குழாய் இல்லை. அதன் அடியில் ஓயாது தோன்றும் கலங்கள் படிப்படியாக மேலெழுந்து, தட்டையாகி, உயிர்நீத்து, ஈற்றிற் கண்ணுக்குப் புலனாகாத செதில்களாய் உதிர்கின்றன. இப்பயணம் ஏறத்தாழ நான்கு கிழமை கொள்ளும். உயிர்நீத்த கலங்கள் உதிர்தற்குமுன் பதினைந்து இருபது அடுக்காகப் படிந்து கிடக்கும் மேற்பகுதி கொம்புப்படை எனப்படும். கொம்பிலும் நகத்திலும் காணப்படும் கெரற்றின் என்னும் புரதம் இதில் நிறைந்திருத்தலின் இப்பெயர் பெற்றது. உள்ளங்கை, உள்ளங்கால் ஒழிந்த இடங்களில் இதன் தடிப்பு எழுதுந் தாளின் தடிப்பில் ஐந்திலொரு பங்கிற்கு மேற்படாது. இத்துணை மெல்லிய படையே உடலின் நீர் வெளியேறாமலும், புறத்தேயுள்ள நஞ்சும் கிருமியும் உட்புகாமலும் காக்கின்றது.

கொம்புப்படையின் அமைப்பைச் செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய சுவருக்கு ஒப்பிட்டு 1983ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பீற்றர் எலியாஸ் விளக்கினார். உயிர்நீத்த கலங்கள் செங்கற்கள். அவற்றின் இடையே நிரம்பிய கொழுப்புப் பொருள்கள் சாந்து. அச்சாந்தில் ஏறத்தாழ அரைப்பங்கு செரமைட்டு என்னும் கொழுப்பு. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி கொலஸ்திரோலும் கொழுப்பமிலங்களும் ஆகும். செங்கல்லாகிய கலங்களினுள்ளே நீரை ஈர்த்து வைத்திருக்கும் அமினோவமிலம் முதலிய பொருள்கள் உள. அவற்றுட் பெரும்பகுதி பிலகிரின் என்னும் புரதம் சிதைதலால் உண்டாவது. எனவே, கல் நீரைப் பிடித்து வைக்கின்றது. சாந்து அந்நீரைப் போகவொட்டாது தடுக்கின்றது. இவ்விரண்டில் ஒன்று குறையினும் தோல் வறளும்.

நீரும் நெய்யும்

வறண்ட தோலில் நெய்ப்பு இல்லை, ஆகவே நெய்ப்பு ஊட்டினால் மென்மையாகும் என்பது பொதுமக்கள் கருத்து. இக்கருத்தை 1952ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் பிளாங்க் என்பவர் எளியதொரு சோதனையால் ஆராய்ந்தார். உள்ளங்காலிலிருந்து எடுத்த தடித்த தோற்றுண்டுகளை அவர் நன்றாக உலர்த்தினார். உலர்ந்த துண்டுகள் உடையுந் தன்மை எய்தின. அவற்றை எண்ணெயில் இட்டபோது மென்மையாகவில்லை. நீரில் இட்ட துண்டுகளோ வளையுந் தன்மையை மீளப் பெற்றன. கொம்புப்படையில் நீரின் அளவு 10 வீதத்திற்குக் கீழே குறையும்போது அது முரண்டு வெடிக்கும் என்பதும் அவர் கண்டதாகும்.

இச்சோதனையாற் பெறப்படும் உண்மை யாது? தோலை மென்மையாக்குவது நீரே, எண்ணெயன்று. எண்ணெயின் தொழில் உள்ளே நிற்கும் நீரைப் போகாமற் காத்தல் மட்டுமே. உலர்ந்த தோலில் எண்ணெய் பூசுதல், வற்றிய குடத்தை மூடிவைத்தல் போன்றது. நீர் நிறைந்தபின் மூடினாலே பயன் உண்டு. வறட்சியைப் போக்கும் முறைகள் அனைத்தும் இவ்வொரு விதியைத் தழுவியே அமைதல் வேண்டும்.

தண்ணீரை மிகுதியாகப் பருகினால் தோல் வறளாது என்னும் கூற்றும் இதனால் ஆராயத்தக்கது. தோலின் வழியே வியர்வையாக அன்றி ஆவியாக வெளியேறும் நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிலீற்றர் ஆகும். உடலில் நீர் குறையாத ஒருவர் மேலும் மேலும் பருகும் நீர் சிறுநீராகக் கழியுமேயன்றி, கொம்புப்படையில் தங்குவதில்லை. வெயிலில் உழைப்போரும் முதியோரும் வேண்டிய அளவு நீர் பருகுதல் உடல்நலத்திற்கு இன்றியமையாதது. ஆனால் சுவரிற் பிளவிருக்கக் குடத்தில் நீரை வார்ப்பதால் மட்டும் அப்பிளவு அடையாது.

வறட்சிக்குக் காரணங்கள்

தோலை வறளச் செய்யும் காரணங்களைப் புறக்காரணம், அகக்காரணம் என இருவகைப்படுத்தலாம்.

புறக்காரணங்களுள் முதலாவது காற்று. குளிர்நாடுகளில் வாழச் சென்ற ஈழத்தமிழர் பலர், பிறந்த ஊரில் அறியாத தோல் வறட்சியை அங்கே அறிகின்றனர். இதற்குக் காரணம் குளிர் மட்டுமன்று. 0 பாகை வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்றுக் கொள்ளக்கூடிய நீராவி 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அக்காற்று வீட்டினுட் புகுந்து 20 பாகைக்குச் சூடாக்கப்படும்போது 17 கிராம் வரை கொள்ளத்தக்கதாகின்றது. ஆனால் அதில் இருப்பதோ பழைய 5 கிராமே. ஆகவே ஈரப்பதன் 30 வீதத்திற்குங் கீழே வீழ்ந்துவிடும். நீர்வேட்கை கொண்ட அக்காற்றுத் தோலிலுள்ள நீரைக் கவர்கின்றது. யாழ்ப்பாணத்தின் கடல்சூழ்ந்த காற்றில் ஈரம் இவ்வளவு குறைவதில்லை. எனினும் சோளகம் வீசும் மாதங்களில் ஓயாத காற்றும் வெயிலும் புழுதியும் தோலை உலர்த்துகின்றன. குளிரூட்டப்பெற்ற அறைகளில் நெடுநேரம் இருந்து தொழில் செய்வோர்க்கும் இத்துன்பம் உண்டு.

இரண்டாவது சவர்க்காரம். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சிறிது அமிலத்தன்மை உடையது. சவர்க்காரமோ காரத்தன்மை உடையது. அது அழுக்கை அகற்றும்போது சாந்தாகிய கொழுப்பையும் உடன் கொண்டுசெல்கின்றது. சுடுநீர் இத்தீங்கை மிகுவிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறைகளினூடே ஊறிவருதலின் கல்சியம் மிகுந்த வன்னீராகும். வன்னீரிற் சவர்க்காரம் எளிதில் நுரையாது. கல்சியத்தோடு கூடிக் கரையாத படிவாகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நுரை வேண்டி மேலும் மேலும் தேய்ப்பதால் தீங்கு இரட்டிக்கின்றது. கழுவுபொருள்கள் வன்னீரில் தோலின்மேல் மிகுதியாகத் தங்குவதையும், அதனால் எரிவு உண்டாவதையும் இங்கிலாந்தில் நிகழ்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஆயினும் கரப்பனுடைய 336 பிள்ளைகளைக் கொண்டு அந்நாட்டிலேயே நடத்தப்பெற்று 2011இல் வெளிவந்த ஆய்வில், வீட்டு நீரைப் பொறியினால் மென்னீராக்கியும் அப்பிள்ளைகளின் நோய் மேலதிகமாகக் குறையவில்லை. ஆகவே நீரை மாற்றுதற்குப் பெருஞ்செலவு செய்வதினும் சவர்க்காரத்தைக் குறைத்தலே அறிவுடைமை.

அகக்காரணங்களுள் முதுமை முதன்மையானது. ஆண்டு ஏறுந்தோறும் நெய்ச்சுரப்பும் சாந்தாகிய கொழுப்பின் ஆக்கமும் குறைகின்றன. நெய்ச்சுரப்பிகள் குறைவாயுள்ள முழங்காலின் கீழ்ப்பகுதி முதலில் வறண்டு, குளம் வற்றிய நிலம்போல வெடிப்புறும். பிறவியும் ஒரு காரணம். பிலகிரின் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகிற் குறைபாடுடையோர்க்கு மீன்செதில் போன்ற வறட்சியும் கரப்பனும் எளிதில் உண்டாகும் என்பதை 2006ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலுள்ள டண்டீப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர் உள்ளிட்டோர் நிறுவினர். சலரோகம், தைரொயிட்டுச் சுரப்பியின் மந்தம், சிறுநீரக நோய் ஆகியவற்றாலும், சிறுநீரைப் பெருக்கும் மருந்துகள் முதலியவற்றாலும் தோல் வறளும்.

உணவின் பங்கு

உணவுக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு கற்பனையன்று. 1929ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய யோர்ச்சு பேர், மில்றெட் பேர் என்னும் தம்பதியர், கொழுப்பு அறவே நீக்கிய உணவை எலிகளுக்கு ஊட்டினர். வேறு சத்துக்கள் யாவும் இருந்தும் எலிகளின் தோல் செதிலுற்றது, வளர்ச்சி குன்றியது. சிறிதளவு கொழுப்பமிலம் சேர்த்தவுடன் அவை தேறின. இலினோலெயிக்கு அமிலம் உடலால் ஆக்கப்படாதது, உணவின் வழியே வரவேண்டியது என்பது இவ்வழியே 1930இல் தெளிவாயிற்று. மேற்கூறிய செரமைட்டுகளுள் நீரைத் தடுப்பதிற் சிறந்த வகை இவ்வமிலத்தைக் கொண்டே அமைகின்றது. செங்கற் சுவரின் சாந்துக்கு வேண்டிய ஒரு பொருள் அடுக்களையிலிருந்தே வருகின்றது என்பது இதனால் விளங்கும்.

ஈழநாட்டிற்கும் இவ்வாராய்ச்சியிற் பங்குண்டு. கொழும்பிற் பணியாற்றிய மருத்துவ அறிஞர் லூசியஸ் நிக்கல்ஸ், மயிர்க்கால்தோறும் முட்போன்ற தடிப்புகள் தோன்றித் தோல் வறண்டு தேரையின் தோல்போல ஆகும் நிலையை 1933ஆம் ஆண்டில் விவரித்து, அதற்குத் தேரைத்தோல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரொன்றைச் சூட்டினார். விற்றமின் ஏ குறைவே அதற்குக் காரணமென அவர் கருதினார். இலங்கையில் அந்நிலை எவ்வளவு பரவியிருந்தது என்பதையும் அடுத்த ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். பின்னர் இந்தியாவில் நிகழ்ந்த ஆராய்ச்சிகள், விற்றமின் ஏ மட்டுமன்றி, இன்றியமையாக் கொழுப்பமிலங்களும் விற்றமின் பீ தொகுதியும் குறைதலாலும் அது உண்டாதல் கூடும் எனக் காட்டின. வறுமையில் வாடிய பிள்ளைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் காணப்பட்ட அம்முட்கள் உணவுக்குறைவின் எழுத்துக்களாகவே இருந்தன.

ஆயின், நாள்தோறும் கலப்புணவு உண்போர்க்கு வேண்டியவை எவை? இலினோலெயிக்கு அமிலம் உணவின் மொத்தச் சக்தியில் 2 முதல் 3 வீதம் அளவிற் கிடைத்தாற் போதும். நல்லெண்ணெயில் ஏறத்தாழ 40 வீதம் இவ்வமிலமே; ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 5 கிராமுக்கு மேல் உண்டு. தேங்காயெண்ணெயிலோ ஏறத்தாழ 2 வீதமே உளது. ஆகவே தேங்காயெண்ணெயையே முற்றும் நம்பிச் சமைக்கும் வீட்டார் எள்ளையும் நல்லெண்ணெயையும் நிலக்கடலையையும் உணவிற் சேர்த்தல் நன்று. எள்ளுருண்டை சிறுவர்க்குத் தின்பண்டம் மட்டுமன்று. உடல் மெலியவேண்டுமென்று எண்ணெயை அறவே விலக்குவோர் தோலின் சாந்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றனர்.

விற்றமின் ஏ ஆக உடலில் மாறும் கரோட்டீன் முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை முதலிய கீரைகளிலும், மாம்பழம், பப்பாப்பழம், மஞ்சட் பூசணி, கரட், பனம்பழம் என்பவற்றிலும் உள்ளது. கரோட்டீன் கொழுப்போடு கூடினாலன்றி நன்றாக உறிஞ்சப்படுவதில்லை. இலைவறையில் தேங்காய்ப்பூ இடுதலும், கீரையைப் பால்விட்டுச் சமைத்தலும் சுவை கருதிய வழக்கமாயினும், இவ்வறிவியலோடு முற்றும் பொருந்துகின்றன. பருப்பும் பயறும் புரதத்தைத் தரும். மீன் உண்போர்க்குச் சூடை, சாளை முதலிய சிறுமீன்கள் நல்ல கொழுப்பமிலங்களைத் தருகின்றன. குறைவுள்ள உடலில் இவ்வுணவுகள் தோலைத் திருத்தும். குறைவில்லாத உடலில் இவற்றை இரட்டித்து உண்பதால் தோல் இருமடங்கு மென்மை பெறுவதில்லை.

குளிசைகள் பற்றி

உணவிற் சிறிது நன்மை தருவது குளிசையிற் பெருநன்மை தரும் என்னும் எண்ணம் எங்கும் பரவியுள்ளது. இது தவறு மட்டுமன்று. சிலவிடத்துத் தீங்கும் ஆகும். கரப்பனுக்கும் வறட்சிக்கும் பெயர்பெற்ற மாலைப் பிரிம்ரோஸ் எண்ணெயும் போரேச்சு எண்ணெயும் பற்றிய 27 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த கொக்ரேன் அறிக்கை 2013இல் வெளிவந்தது. கரப்பனுக்கு உட்கொள்ளும் அவ்வெண்ணெய்கள் வெறுங்குளிசையிலும் மேலான பயன் தரவில்லை என்பதே அதன் முடிபு.

விற்றமின் ஏ குறைந்தால் தோல் வறளும். மிகுந்தாலும் தோல் வறளும். இவ்வுண்மைக்குத் தென்துருவப் பயணமொன்று சான்றாகக் காட்டப்படுகின்றது. தக்ளசு மோசனும் சேவியர் மெற்சும் உணவிழந்து, தம் வண்டியிழுத்த நாய்களைக் கொன்று ஈரலையும் உண்டனர். இருவர் உடலிலும் தோல் உரிந்தது. மெற்சு 1913 சனவரியில் இறந்தார். மோசனின் உள்ளங்காற்றோல் முழுதாகக் கழன்றது. நாயின் ஈரலிற் செறிந்துள்ள விற்றமின் ஏயே இதற்குக் காரணமாகலாம் என 1969இல் அறிஞர் இருவர் கருத்துரைத்தனர். வளர்ந்தவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டிய விற்றமின் ஏ 700 முதல் 900 மைக்கிரோகிராம்; 3000 மைக்கிரோகிராமுக்கு மேற்படுதல் தகாது. கருவுற்ற பெண்கள் மிகுதியாக உட்கொண்டாற் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் நேரலாம். கீரையிலும் பழத்திலும் உள்ள கரோட்டீனால் இவ்வச்சம் இல்லை.

தலைமயிருக்கும் தோலுக்கும் என விற்கப்படும் பயோற்றின் குளிசைகள் குருதிச் சோதனைகள் சிலவற்றின் முடிவைப் பிழைபடுத்தும் என அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2017இல் எச்சரித்தது. தைரொயிட்டு நோயையும் மாரடைப்பையும் அறியச் செய்யும் சோதனைகளும் அவற்றுள் அடங்கும். ஆகவே குருதியிலோ உடலிலோ குறைவு உண்டென்று வைத்தியர் கண்டு கூறியவிடத்தே குளிசை வேண்டும், ஏனையோர்க்கு வேண்டா.

புறப் பரிகாரம்

வறட்சிக்கு முதன்மையான பரிகாரம் புறத்தே செய்வதாகும். அதன் முறை வருமாறு. குளிப்பு இளஞ்சூட்டிலோ கிணற்று நீரின் இயல்பான வெப்பத்திலோ அமைதல் வேண்டும். சில நிமிடத்தில் முடிதல் வேண்டும். சவர்க்காரம் அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கும் அழுக்குப் படிந்த இடங்களுக்கும் மட்டும் போதும். குளித்தபின் துவாயால் ஒற்றி ஈரத்தை எடுத்தல் வேண்டும். அழுத்தித் துடைத்தல் கூடாது. தோல் சற்றே ஈரமாயிருக்கும்போதே, ஏறத்தாழ மூன்று நிமிடத்துள், எண்ணெயோ களிம்போ பூசுதல் வேண்டும். பிளாங்கின் சோதனை கற்பித்த விதி இதுவே. கிழமைக்கொருமுறை மிகுதியாகப் பூசுவதினும் நாள்தோறும் இருமுறை சிறிது பூசுதல் பயன் தரும்.

எதைப் பூசுவது? நீரிழப்பைத் தடுப்பதில் வசலீன் என வழங்கும் பெற்றோலியக் கூழுக்கு நிகரானவை சிலவே. அது விலை குறைந்தது. ஒவ்வாமை செய்வதும் அரிது. தேங்காயெண்ணெயும் குறைந்ததன்று. பிலிப்பைன் நாட்டில் 34 பேரைக் கொண்டு நடந்து 2004இல் வெளிவந்த ஆய்வில் அது கனிய எண்ணெய்க்கு ஒப்பான பயன் தந்தது. கிளிசரின், யூரியா ஆகியவை நீரை ஈர்த்துப் பிடிப்பன. தடித்த குதிகாலுக்கு யூரியாச் சேர்ந்த களிம்பு சிறந்தது. ஆனால் வெடித்துப் புண்ணான இடத்தில் அது எரியும்.

இயற்கையான எண்ணெயெல்லாம் தோலுக்கு நல்லன என்று கொள்ளற்க. ஒலிவ எண்ணெய் தோற்சுவரைத் தளர்த்துவதையும் சூரியகாந்தி எண்ணெய் அதனைக் குலையாமற் காப்பதையும் இங்கிலாந்தில் நிகழ்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. சூரியகாந்தி எண்ணெயிலும் இலினோலெயிக்கு அமிலம் மிகுதி. வங்காளதேசத்தின் தலைநகராகிய டாக்காவில், குறைமாதத்திற் பிறந்த குழந்தைகளின் தோலில் அவ்வெண்ணெயைப் பூசிவந்தபோது, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 வீதம் குறைந்தன என 2005இல் அறிவிக்கப்பட்டது. தோலென்னும் சுவர் உயிரைக் காக்கும் அரண் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

இனி, எண்ணெய் முழுக்கு ஆராயத்தக்கது. ஆடவர் புதனும் சனியும், பெண்டிர் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய் தேய்த்து முழுகுதல் மரபு. எண்ணெய் பூசிய தோலில் நீரும் கழுவுபொருளும் நேரே தாக்குவதில்லை. குளித்தபின்னும் சிறிது எண்ணெய் தோலில் எஞ்சுகின்றது. சீயாக்காயில் உள்ள நுரைப்பொருள் சப்போனின் எனப்படும். அது சவர்க்காரம்போல வன்னீரின் கல்சியத்தோடு கூடிப் படிவாவதில்லை. சுண்ணக்கல் நிலத்தில் வாழ்ந்த முன்னோர் கைக்கொண்ட இம்முறை அந்நிலத்து நீருக்கு இயைந்ததாயிருத்தல் குறிப்பிடத்தக்கது. எனினும் எண்ணெய் முழுவதையும் போக்கக் கருதிச் சுடுநீரில் அழுந்தத் தேய்ப்போர் முழுக்கின் பயனைத் தாமே அழிக்கின்றனர். முழுக்கின்பின் ஈரத்தோலில் மீண்டும் சிறிது எண்ணெய் தடவிக்கொள்ளல் வேண்டும்.

விலக்கத்தக்கவையும் சில உள. தேசிக்காய்ச் சாற்றை வறண்ட தோலில் தேய்ப்பது எரிவைத் தரும். சாறு பட்ட தோலில் வெயில் பட்டாற் கொப்புளமும் கருமையும் உண்டாகும். களிம்பும் எண்ணெயும் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் எனப் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2018இல் எச்சரித்துள்ளது. அடுப்படியிலும் விளக்கின் முன்னும் நிற்போர் இதனை மறத்தல் கூடாது.

பித்தவெடிப்பும் சலரோகமும்

குதிகால் வெடிப்பைத் தமிழர் பித்தவெடிப்பு என்பர். பெயர் பழமையானது, ஆயினும் அப்பெயரால் ஒரு தீங்கு நேர்கின்றது. பித்தத்தால் வந்தது, பத்தியத்தால் தீரும் என எண்ணுவோர் காலைப் பாராது விடுகின்றனர்.

உள்ளங்காலில் நெய்ச்சுரப்பி ஒன்றேனும் இல்லை. அங்குள்ள ஈரம் வியர்வையாலேயே அமைவது. சலரோகம் முற்றியோர்க்கு வியர்வைச் சுரப்பியை இயக்கும் நரம்புகள் கெடுகின்றன. வியர்வை நின்று, குதிகால் தடித்து, உடற்பாரத்தால் வெடிக்கின்றது. உணர்ச்சி நரம்புகளும் உடன் கெடுதலின் வெடிப்பு ஆழமாகியும் நோவு தெரியாது. கிருமி புகுகின்றது, குருதியோட்டம் குன்றிய காலிற் புண் ஆறாது, ஈற்றிற் காலின் பகுதியைத் துண்டிக்க நேர்கின்றது. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த கணக்கெடுப்பில் 20 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 10.3 வீதத்தினர்க்குச் சலரோகம் இருந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கிற்கு மேற்பட்டோர் அதுவரை தம் நோயை அறியாதிருந்தனர். ஆகவே குதிகால் வெடிப்புடையோர் பலருள் தம் நோயை அறியாத சலரோகியர் சிலரும் இருப்பர் என்பது வெளிப்படை.

சைவ மக்கள் கோயிலுக்கு வெறுங்காலுடன் செல்வர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் திருவிழாவில் வெயிலிற் சுடும் வீதியிலும் மணலிலும் வலம் வருவோர் பல்லாயிரவர். உணர்ச்சி குன்றிய காலுடையார்க்குச் சூடும் முள்ளும் தெரியா. அவர்கள் வழிபாட்டைக் கைவிட வேண்டுவதில்லை. காலையிலோ மாலையிலோ நிலம் ஆறியபின் செல்லலாம். வீடு திரும்பியவுடன் பாதத்தை விளக்கொளியிற் பார்த்தல் வேண்டும். தாமே பார்க்க இயலாத முதியோர்க்குப் பிள்ளைகளும் பேரரும் பார்த்துக் கூறுதல் வேண்டும். நாள்தோறும் இளஞ்சூட்டு நீரில் கழுவி, விரலிடுக்கை நன்றாக உலர்த்தி, குதிகாலிலும் உள்ளங்காலிலும் களிம்பு பூசுதல் முறை. விரலிடுக்கிற் பூசுதல் ஆகாது. ஈரம் தங்கிப் பூஞ்சணம் பற்றும். தடித்த தோலைச் சவரத் தகட்டால் வெட்டுதலும் கூடாது.

வைத்தியரை நாடவேண்டிய குறிகள்

இரு கிழமை முறையாகப் பேணியும் தீராத வறட்சி, படையொன்றும் இன்றி உடலெங்கும் உண்டாகும் சொறி, உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, நீர் வடிதலும் சிவத்தலும் வெப்பமும் உள்ள வெடிப்பு என்பன வைத்தியரிடம் காட்டப்படல் வேண்டும். வறட்சியோடு சோர்வும் உடற்பருமனும் குளிர் பொறாமையும் கூடுமாயின் தைரொயிட்டுச் சுரப்பி சோதிக்கப்படல் வேண்டும். வறட்சியோடு மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிதலும் இருப்பின் குருதியில் வெல்லத்தின் அளவு பார்க்கப்படல் வேண்டும். வியராது வறண்டு உணர்ச்சியற்று வெளிறிய படை தொழுநோயின் குறியாதல் கூடும். அந்நோய் மருந்தால் முற்றும் தீர்வது; காலந் தாழ்த்தலே ஊனம் தருவது. இளமையில் இல்லாத செதிற்றோல் நடுவயதில் திடீரெனத் தோன்றின் அதுவும் உள்நோயின் அறிவிப்பாகலாம்.

இதுகாறும் கூறியவற்றால், தோல் வறட்சி என்பது நெய்ப்பின் குறைவன்று, நீர் காக்கும் சுவரின் தளர்ச்சி என்பது பெறப்படும். அச்சுவருக்கு வேண்டிய பொருளை நல்லுணவு தருகின்றது. அதனை இடிப்பது சுடுநீரும் மிகுந்த சவர்க்காரமும். அதனைக் காப்பது ஈரம் உலருமுன் பூசும் எளிய எண்ணெயோ களிம்போ. குறைவில்லாதார்க்குக் குளிசை செலவேயன்றி வரவன்று. பெருஞ்செலவின்றி எல்லா வீட்டிலும் கைக்கொள்ளத்தக்க இம்முறைகளை மாணவர் தம் வீட்டிலுள்ள முதியோர்க்கு எடுத்துரைத்து, நாள்தோறும் ஒருமுறை அவர்தம் பாதங்களையும் பார்ப்பாராயின், கற்ற அறிவு பயன்பட்டதாகும்.